விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது – குளத்துத் தண்ணீரை வடிகாலில் திறந்துவிடலாமா?

வடக்குக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் 1 ஏக்கர் குளம், சராசரி ஆழம் 5 அடி. ஆகஸ்ட் கடைசியில் 4,000 கெண்டை விரலி (விரல் நீளக் குஞ்சு) விட்டிருக்கிறோம்: கட்லா 1,600, ரோகு 1,200, மிர்கால் 1,200. இப்போது வீச்சு வலையில் வருவது சராசரியாக 350 கிராம். தீவனம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு, தினம் 40 கிலோ, காலை 7 மணிக்கு ஒரே தடவையாக அள்ளி வீசுவது. வாரம் ஒருமுறை 500 கிலோ பச்சைச் சாணம் கரைத்து ஊற்றுகிறோம்.

நாலைந்து நாளாக மூட்டமும் பனியும். விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் மீன் முழுக்க மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, வெயில் ஏறி 8 மணிக்கு மேல்தான் கீழே இறங்குகிறது. ஏழெட்டு கட்லா செத்து மிதந்தன. தண்ணீர் கரும்பச்சை. முழங்கைவரை கையை விட்டால் மணிக்கட்டே கண்ணுக்குத் தெரியவில்லை. மதியம் 2 மணிக்கு கிட் வைத்துப் பார்த்ததில் பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 9.2.

மேட்டூர் அணையை ஜனவரி 28-ம் தேதி மூடுவார்கள். அதற்குள் பாதித் தண்ணீரை வடிகால் வாய்க்காலில் திறந்துவிட்டு, பாசன வாய்க்காலில் இருந்து புதுத் தண்ணீர் ஏற்றிக்கொள்ளலாமா? வடிகால் கோரையாற்றில் போய்ச் சேருகிறது. கடைக்காரர் மயில்துத்தம் (செப்பு சல்பேட்) போட்டால் பச்சை போய்விடும் என்கிறார். இன்னொருவர் சுண்ணாம்பு போடச் சொல்கிறார். பக்கத்துக் குளத்துக்காரர், "இதெல்லாம் எதுக்கு, அடுத்த தடவை ஆப்பிரிக்கன் கெளுத்தி விடு, சாகவே சாகாது" என்கிறார். எதைச் செய்வது?

அலையாத்தி:

முதலில் இன்று ராத்திரிக்கு ஆகவேண்டியது. தீவனத்தையும் சாணத்தையும் இந்த நிமிடமே நிறுத்துங்கள். மூன்று நாள் பட்டினி கிடந்தால் 350 கிராம் கெண்டைக்கு ஒன்றும் ஆகாது, குளத்தில் அதற்கு இயற்கைத் தீனி தாராளமாக இருக்கிறது.

மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். இப்போது உங்கள் குளத்துக்குப் பகலில் ஆக்சிஜன் தருவதே அந்தப் பச்சைப் பாசிதான். அதை ஒரே நாளில் கொன்றால் ஆக்சிஜன் உற்பத்தி நிற்கும், செத்த பாசி அழுகி மிச்ச ஆக்சிஜனையும் குடிக்கும். மறுநாள் காலையில் ஏழெட்டு இல்லை, குளமே மிதக்கும். செம்பு சேற்றில் தங்கும், தண்ணீரோடு வெளியே போனால் வாய்க்காலில் இருக்கும் நத்தை, கூனி (சின்ன இறால்), புழு பூச்சி எல்லாவற்றுக்கும் விஷம்.

சுண்ணாம்பும் இப்போது கூடாது. காரணம் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. அதில் மீனைக் கொல்லும் பங்கு பி.எச்.சைப் பொறுத்தது. தண்ணீர் 28 டிகிரியில் இருக்கும்போது பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதம்கூட நச்சு வடிவில் இருக்காது. 8-ல் ஆறேழு சதவீதம். 9-ல் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஏற்கெனவே 9.2-ல் நிற்கும் குளத்தில் சுண்ணாம்பைக் கொட்டினால் இன்னும் மேலே தள்ளிவிடுவீர்கள். சுண்ணாம்பு குளம் தயாரிக்கும்போதும், பி.எச். 7.5-க்குக் கீழே இறங்கும்போதும் போடவேண்டிய பொருள்.

காற்று கொடுப்பதுதான் வழி. 1 எச்.பி. துடுப்புச் சக்கர ஏரேட்டர் ஒன்று வாடகைக்காவது பிடியுங்கள். மீன் மேலே வந்தபிறகு ஓட்டுவதில் பாதிப் பலன்தான். ராத்திரி 10 மணிக்குப் போட்டு காலை 7 வரை விடாமல் ஓடட்டும். கரையிலிருந்து போகும் ஒயரில் ஒட்டு இருக்கக்கூடாது, மின்கசிவு வந்தால் தானாக நிறுத்தும் ஈ.எல்.சி.பி. இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள். ஏரேட்டர் கிடைக்கும்வரை 5 எச்.பி. டீசல் பம்பை வைத்து, உறிஞ்சு குழாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றரை அடிக்குக் கீழே மிதவையில் கட்டி, குளத்துத் தண்ணீரையே எடுத்து ஒரு பலகைமேல் அடித்து, தெறித்து விழும்படி குளத்துக்குள்ளேயே விடுங்கள். குழாயை அடியில் போட்டுவிடாதீர்கள். கறுப்புச் சேறு கிளம்பினால் அதிலுள்ள அழுகல் வாயுவே மீனைச் சாய்த்துவிடும்.

ஆக்சிஜன் மாத்திரை என்று விற்பதை ஒரு மூலையில் கூடியிருக்கும் மீனுக்கு ஒரு மணி நேரம் தாங்கலாகப் போடலாம். 1 ஏக்கருக்கு அது காணாது.

செக்கித்தட்டு:

மேலே சொன்னதை இரண்டு கணக்கோடு சேர்த்துப் பாருங்கள், கோளாறு எங்கே என்று விளங்கும்.

5 அடி ஆழத்தில் 1 ஏக்கர் என்றால் சுமார் 6,000 கன மீட்டர், அதாவது 60 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன் ஏற 6 கிலோ ஆக்சிஜன் வேண்டும். 1 எச்.பி. ஏரேட்டர் நடைமுறையில் மணிக்கு 1 கிலோ அளவில்தான் கரைக்கும். இந்தப் பக்கம் 4,000-ல் 80 சதவீதம் பிழைத்திருந்தால் 3,200 மீன், 350 கிராம் வீதம் 1,120 கிலோ. இந்த எடை மீன் ஒரு மணிக்கு மூச்சுக்கு எடுப்பது மூன்றில் ஒரு கிலோ அளவு. ராத்திரி 12 மணி நேரத்துக்கு 4 கிலோ. குளம் முழுக்கப் பங்கிட்டால் லிட்டருக்கு 1 மி.கி.கூட வராது. அப்படியானால் மிச்சத்தைக் குடிப்பது யார்? இருட்டியபிறகு அந்தப் பாசியே குடிக்கிறது. கூடவே அடிச்சேறு. மீன் அதிகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், பாசிதான் அதிகம்.

பாசி ஏன் இவ்வளவு? 1,120 கிலோ மீனுக்கு இந்த வளர்ச்சியில் உடல் எடையில் 2 சதவீதம் தீவனம் போதும்: 22 கிலோ. நீங்கள் போடுவது 40. தினம் 18 கிலோ கூடுதல், மாதம் 540 கிலோ. தவிட்டில் புரதம் 12 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் 40-க்கு மேல், சமமாகக் கலந்தால் சுமார் 28. அந்த 540 கிலோவில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 24 கிலோ. யூரியாக் கணக்கில் 52 கிலோ, அதாவது மாதம் ஒரு மூட்டைக்கும் மேல் யூரியாவை உங்கள் கையாலேயே குளத்தில் கொட்டுகிறீர்கள். இதன்மேல் சாணம் வேறு. மீன் தின்றதிலும் நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு தழைச்சத்துதான் சதையாகிறது, மற்றது கழிவாகத் தண்ணீரில். புண்ணாக்கு விற்கும் விலைக்கு இது பெரிய விரயம்.

அள்ளி வீசுவதை விட்டுவிடுங்கள். பை முறைக்கு மாறுங்கள், கொல்லேறுப் பகுதியில் ஆந்திரக்காரர்கள் பல காலமாகச் செய்வது. புதிய பிளாஸ்டிக் சாக்கு அல்லது தீவனச் சாக்கு எடுங்கள், பூச்சிமருந்தோ உரமோ வந்த சாக்கு ஆகாது. அடிப்பக்கம் இரண்டு வரிசை ஓட்டை, விரல் நுழையும் அளவு. ஏக்கருக்கு 10 மூங்கில் நட்டு, மூங்கிலுக்கொரு பையாகக் கட்டி, பாதிப் பை தண்ணீரில் முங்கும்படி விடுங்கள். ஒரு பைக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல். மீன் முட்டி முட்டி ஓட்டை வழியாகத் தின்னும். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள், மிச்சம் இருந்தால் மறுநாள் அந்த அளவைக் குறையுங்கள். காலை 9 மணிக்கு முன் கட்டாதீர்கள், 7 மணிக்குக் குளத்தில் ஆக்சிஜனே இருக்காது. மூட்டமான நாளில் பாதி, மழை நாளில் கிடையாது. மாதம் ஒருமுறை வீச்சு வலையில் 50 மீனாவது பிடித்து எடைபோட்டு, அந்த 2 சதவீதத்தைப் புதிதாகக் கணக்குப் போடுங்கள்.

தண்ணீரின் தெளிவை அளக்க ஒரு தட்டு செய்துகொள்ளுங்கள். 20 செ.மீ. வட்டத் தகடு, நாலு கால்பாகமாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றி பெயின்ட், அடியில் ஒரு கனம், 5 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. காலை 10-லிருந்து 12-க்குள் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று இறக்குங்கள். தட்டு மறையும் ஆழம் 25 முதல் 40 செ.மீ. என்றால் நல்ல குளம். 20-க்குக் கீழே போனால் சாணமும் தீவனமும் நிறுத்தம். 40-ஐத் தாண்டினால்தான் சாணத்தைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

வடக்குக்கரை:

ரொம்ப நன்றி. ஏரேட்டர் ஒன்று வாடகைக்கு வாங்கிவிட்டோம், இன்று ராத்திரி ஓடும். தட்டு செய்து இறக்கினோம், 13 செ.மீ.யில் மறைந்துவிட்டது. ஆனால் தண்ணீர் மாற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 28-க்குப் பிறகு வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. ஒரே ஒரு ஏக்கர் தண்ணீர் போவதால் கோரையாற்றுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

அலையாத்தி:

ஆகும். வடிகாலில் இப்போது ஓட்டம் குறைந்துகொண்டே வருகிறது, மேட்டூர் மூடியபிறகு பல இடத்தில் தேங்கித்தான் நிற்கும். வெள்ள காலத்தில் அடித்துக்கொண்டு போய்விடும் சரக்கு, ஜனவரி கடைசியில் விட்டால் அந்தந்தக் குட்டையிலேயே தங்கி, உங்கள் குளத்தில் நடப்பதை அங்கேயும் நடத்தும். கோடைக்கு அந்தக் குட்டைகளில்தான் குறவை, அயிரை, ஆரா, நாட்டுக் கெளுத்தி எல்லாம் ஒதுங்கும். அடுத்த ஜூனில் தண்ணீர் வந்ததும் வயலுக்குள் ஏறிக் குஞ்சு பொரிப்பது அவைதான். அவை மேலே வந்து வாய் பிளந்தால் ஏரேட்டர் போட ஆள் கிடையாது. கோரையாறும் பாமணியாறும் முடிவது முத்துப்பேட்டை காயலில். அலையாத்திக் காடும் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளரும் இடம் அது. ஒரு ஏக்கர் என்று நீங்கள் ஒருவர் மட்டும் நினைப்பதில்லை, வழியில் இருக்கும் அத்தனை குளத்துக்காரரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அதற்காகத் தண்ணீர் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. போகிற இடத்தை மாற்றுங்கள். உங்கள் குளத்தில் 1 அங்குலம் இறக்கினால் சுமார் 1 லட்சம் லிட்டர். தென்னை, வாழை, நேப்பியர் புல் எது இருந்தாலும் அதற்குப் பாய்ச்சுங்கள், வாரம் 3 அல்லது 4 அங்குலம். அந்தத் தழைச்சத்து நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கில் இருந்து வந்தது, மரத்துக்காவது போகட்டும். சம்பா அறுத்த தரிசில் உளுந்து விதைத்திருந்தால் அதில் மட்டும் விடாதீர்கள், தண்ணீர் நின்றால் செடி அழுகிவிடும்.

இறக்கிய அளவு 28-ம் தேதிக்குள் புதுத் தண்ணீர் ஏற்றலாம். உள்ளே வரும் குழாய் வாயில் அங்குலத்துக்கு 60 கண் உள்ள நைலான் வலையைப் பை மாதிரி இரட்டையாகக் கட்டுங்கள், கண்ட மீன் முட்டையும் குஞ்சும் வராது. மேல்மடை வயல்காரர்கள் மருந்து அடித்து நாலைந்து நாள் ஆகாத தண்ணீரை ஏற்றாதீர்கள்.

இழுவலை:

கணக்கு போட்ட நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அரை கிலோவைத் தாண்டிய கட்லாவை இப்போதே ஒரு இழுப்பு இழுத்து விற்றுவிடுங்கள், 200 கிலோ குறைந்தால் தீவனமும் 4 கிலோ குறையும். ஆனால் மீன் மேலே வரும் வாரத்தில் வலை போடக்கூடாது, அலைந்தே சாகும். விடியற்காலை 5 மணிக்கு ஆக்சிஜன் கிட் வைத்து 4 மி.கி.க்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் காட்டியபிறகு இழுங்கள். விற்குமுன் ஒரு மீனை வேகவைத்துப் பார்ப்பது நல்லது. நீலப்பச்சைப் பாசி மண்டிய குளத்து மீன் மண்வாடை அடிக்கும், வியாபாரி அடுத்த முறை வரமாட்டார். வாடை இருந்தால் பாசி இல்லாத தண்ணீரில் நாலைந்து நாள் தீவனம் இல்லாமல் விட்டால் போகும்.

அயிரைக்குளம்:

கெளுத்தி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆப்பிரிக்கன் கெளுத்தி வளர்ப்பை நடுவண் அரசு 2000-ல் தடைசெய்தது. இன்னும் திருட்டுத்தனமாகக் குஞ்சு விற்கிறார்கள். பிடிபட்டால் அதிகாரிகள் அந்த மீனை முழுக்க அழிப்பார்கள், மானியம் எல்லாம் போச்சு. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அது வேண்டாம். "சாகாது" என்பதற்குக் காரணம் அது மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கும். குளம் எவ்வளவு கெட்டாலும் அது காட்டிக்கொடுக்காது. கோழிக் கழிவையும் இறைச்சிக் கழிவையும் கொட்டி வளர்க்கிற பழக்கம் அதனால்தான் வந்தது. இப்போது உங்கள் கட்லா விடியற்காலையில் வந்து வாயைப் பிளந்ததால்தானே தீவனம் தப்பு என்று தெரிந்தது?

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கரை வழிந்தால் அது ஈரத் தரையிலேயே நெளிந்து அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும். வாய்க்குள் அடங்கும் எதையும் தின்னும். வெளியே போனபிறகு திரும்பப் பிடிக்க வழியே இல்லை. ஜிலேபிக் கெண்டையை, அதாவது திலேப்பியாவைப் பாருங்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, இன்று எந்த ஏரியில் வலை போட்டாலும் அதுதான் முதலில் ஏறுகிறது. மீன் தொட்டியில் பாசி தின்ன வாங்கி, அலுத்ததும் ஏரியில் கொட்டிய டேங்க் கிளீனர் மீன் இப்போது பல ஏரிகளில் கரையைக் குடைந்து முட்டையிடுகிறது, வலையையும் கிழிக்கிறது.

திலேப்பியா கட்டாயம் வேண்டும் என்றால் பதிவு செய்து, அனுமதி பெற்ற பொரிப்பகத்தில் இருந்து ஆண் குஞ்சு மட்டும் உள்ள கிஃப்ட் ரகம் வாங்குங்கள். கலப்புக் குஞ்சு வாங்கினால் மூன்று மாதத்தில் குளம் முழுக்க விரல் அளவுக் குட்டிகள்தான் இருக்கும், எதுவும் எடை ஏறாது. எனக்கு டெல்டாவில், வழிகிற குளத்தில் அதுவும் வேண்டாம் என்றே தோன்றுகிறது. கரையோரம் புல்லும் களையும் வளர்ந்தால் 100 புல்கெண்டை போதும். கல்பாசு, சேல்கெண்டை குஞ்சு கிடைத்தால் மிர்காலில் ஒரு பகுதிக்குப் பதில் அவற்றை விடலாம்.

எந்த மீனை விட்டாலும் கரை, மழைக்கால நீர்மட்டத்துக்கு 2 அடி மேலே இருக்க வேண்டும். வழிந்தோட ஒரே ஒரு கலங்கல், அதில் முன்னும் பின்னுமாக இரண்டு வலைச்சட்டம். முன்சட்டம் பெரிய கண், இலை தழையைப் பிடிக்க. பின்சட்டம் மிகச்சிறிய விரலியும் நுழையாத கண். ஒற்றை வலை கட்டினால் இலை அடைத்துத் தண்ணீர் கரைமேல் ஏறும், அங்கேதான் மீன் தப்பும். நீர்க்காகத்துக்குப் பயந்து குளம் முழுக்க மெல்லிய நரம்பு வலை விரிப்பவர்கள் உண்டு. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் சரணாலயப் பறவைகள் எல்லாம் இந்தப் பக்கம்தான் மேய வருகின்றன, அதில் சிக்கித் தொங்கியே செத்துப்போகும். ஒன்றரை முழத்துக்கு ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியும் தடித்த கயிறு இழுத்துக் கட்டினாலே இறங்க யோசிக்கும்.

வடக்குக்கரை:

நாலு நாள் ஏரேட்டர் ஓடியது. இன்று காலை 5 மணிக்கு 3.5 மி.கி., மீன் மேலே வரவில்லை. தட்டு 19 செ.மீ.யில் மறைகிறது. கெளுத்தி எண்ணத்தை விட்டாயிற்று. இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, சில ரோகுவின் துடுப்படியில் பேன் ஒட்டியிருக்கிறது, கடையில் ஏதோ பூச்சிமருந்தை அளந்து தருகிறார்கள். இரண்டு, மே மாதம் முழுசாகப் பிடித்தபிறகு கடைசித் தண்ணீரை என்ன செய்வது? போன தடவை இலுப்பைப் புண்ணாக்கு போட்டுக் களைமீனை (நாம் விடாமலே வந்துசேர்ந்த வேண்டாத மீனை) கொன்றார்கள், அதை மறுபடியும் செய்யலாமா?

செக்கித்தட்டு:

தீவனத்தை இன்னும் இரண்டு நாள் கழித்து 10 கிலோவில் ஆரம்பியுங்கள். தட்டு 25-ஐத் தொட்டபிறகு 22.

பேன்: அந்த மருந்து பெரும்பாலும் வயலுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் வகைதான். பேனும் நண்டும் இறாலும் ஒரே கூட்டத்து உயிர்கள், பேனைக் கொல்லும் அளவு கூனியையும் நண்டையும் கொல்லும், மீனுக்குத் தீனியாகும் நுண்ணுயிர்களும் சேர்ந்து போகும். பேன் முட்டையிட கெட்டியான பரப்பு தேடும். அதையே பொறியாக்குங்கள். மூங்கில் தட்டி அல்லது பழைய பலகை 8, 10 எடுத்துக் கரையோரம் நட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை தவறாமல் பிடுங்கி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துத் திரும்ப நடுங்கள். முட்டை காய்ந்துவிடும். ஏழெட்டு வாரம் விடாமல் செய்தால் தலைமுறை அறுந்துபோகும். காயவைக்க மறந்தால் நாமே பேன் பண்ணை வைத்த மாதிரி ஆகிவிடும், அதில் மட்டும் கவனம்.

மே மாதத் தண்ணீர்: ஒரு குளத்தை வடிக்கும்போது அழுக்கில் பெரும்பகுதி கடைசி ஓரடியில்தான் வெளியேறும், அதுவும் வலை இழுத்துச் சேறு கலங்கியபிறகு. அதனால் மேல் தண்ணீரை மீன் பிடிக்குமுன்பே தென்னைக்கு இறக்கிவிடுங்கள். கடைசி ஓரடியில் வலையை இழுத்து முடித்ததும் மதகை அடைத்துவிட்டு மூன்று நாள் அசையாமல் விடுங்கள். வண்டல் படியும். தெளிந்ததை மேலாக எடுத்துப் பாய்ச்சிவிட்டு, மிச்சத்தைக் குளத்திலேயே வற்றவிடுங்கள். அக்கினி வெயில் அதற்குத்தான் இருக்கிறது.

அடிமண் ஓரங்குலத்துக்கு வெடிக்கும்வரை காய்ந்தால் களைமீனும் போகும், சேற்றில் இருந்த அழுகலும் போகும், இலுப்பைப் புண்ணாக்குக்கு வேலையே இல்லை. மேல்சேற்றை 3, 4 அங்குலம் வழித்துத் தென்னை அடியில் போடலாம். பிறகு மண்ணின் பி.எச். பார்த்து ஏக்கருக்கு 100 முதல் 200 கிலோ சுண்ணாம்பு.

ஊற்று இருந்து குளம் காயவே காயாது என்றால் மட்டும் இலுப்பை. அளவு லிட்டருக்கு 250 மி.கி., 1 ஏக்கரில் 1 மீட்டர் தண்ணீருக்கு 1,000 கிலோ ஆகும், ஓரடிக்கு இறக்கிவிட்டுப் போட்டால் 300 கிலோவில் முடியும். நச்சு அடங்க 15 முதல் 20 நாள். அந்த நாட்களில் மதகில் ஒரு சொட்டுக்கூடக் கசியக்கூடாது, கசிந்தால் வாய்க்காலில் அது போகிற தூரம்வரை மீன் சாகும். மதகுப் பலகைகளுக்கு நடுவே களிமண்ணைக் குழைத்து அடைத்து, வெளிப்பக்கம் சாக்கு மூட்டை அடுக்கியபிறகு புண்ணாக்கை ஊறவையுங்கள். 20 நாள் கழித்து ஒரு வலைப்பெட்டியில் பத்து விரலியை இறக்கி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். பத்தும் உயிரோடு இருந்தால் குஞ்சு வாங்கப் போகலாம்.